மாமியார் சொன்ன சாட்சி

விவேக் நகர்,
பெங்களூரு.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் குளோரியாவுக்கு,

பியாட்ரிஸ் அத்தை எழுதுவது. குழந்தை இயேசு உன்னைக் காப்பாராக. மஸ்கட்டில் வெயில் எப்படியிருக்கிறது? சாப்பிடாமல் டியூட்டிக்கு ஓடும் பழக்கத்தை விட்டாயா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் உன் அக்கா அன்னாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மறைமாவட்ட ஆபீசில் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது போதாதாம். உனக்கும் என் மகன் டெரிக்குக்கும் நடந்த கல்யாணம் தொடக்கத்திலேயே செல்லாது என்று திருச்சபையும் சொன்னால்தான் நீ புது மாப்பிள்ளை டென்சிலைக் கோயிலில் கட்டிக்கொள்ள முடியும். டெரிக்குக்கு நான் போனதில் கோபம். "நீ போய்ச் சொன்னா, தப்பெல்லாம் என்மேலதான்னு ஆயிடும்மா" என்றான். இப்போது காபியை வைத்தால் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான். பெற்ற பிள்ளை முகம் கொடுக்காத வீட்டில் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அங்கே உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள், கூடவே அம்மா அப்பாக்கள். முன்பு நம் கோயில் பங்கில் இப்படிக் கல்யாணம் முறிந்த வீடு ஒன்று இருந்தால் ஊரே பேசும். இப்போது தெருவுக்கு ஒரு வீடு. பக்கத்திலிருந்த அம்மாள் செல்போனால் வந்த வினை என்றாள். இன்னொருவர் நைட் ஷிப்ட் என்றார். பெண்கள் சம்பாதிப்பதால்தான் என்று ஒரு பெரிய மனுஷர் ஆரம்பித்தார். மகள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். நம் வீட்டில் இது எதுவும் காரணமில்லையே, குளோரியா.

சாட்சி கேட்ட ஃபாதரிடம் கல்யாணத்துக்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன். பந்தலில் எல்லோரும் கேலி பேசிக்கொண்டிருந்தபோது டெரிக், "அப்பா ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள என் கல்யாணத்தைப் பாக்கணுமாம், அதான் கட்டிக்கிறேன்" என்றான். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்னா போனில் சொன்னபோது நீயும் சிரித்தாயாம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியமில்லை, நமக்கோ காதில் போட்டுக்கொள்ள மனசில்லை. அப்புறம் மூன்று வருஷம் உன்னை அடித்ததில்லை, திட்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்ததும் இல்லை. உன் மாமனார் ஓஸ்வால்டோ அந்த ஆபரேஷன் முடிந்து தினமும் வாக்கிங் போகிறார்.

ஒருநாளாவது சந்தோஷமாக இருந்தார்களா என்று ஃபாதர் கேட்டார். பைபிள்மேல் கை வைத்துவிட்டுப் பொய் எப்படிச் சொல்வது? முதல் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இரண்டு பேரும் குல்குல் பலகாரம் உருட்டினீர்கள், அவன் உன் மூக்கில் மாவைத் தடவினான், சமையலறையில் ஒரே சிரிப்பு என்று சொல்லிவிட்டேன். ஃபாதர் அதையும் எழுதிக்கொண்டார். அதனால் உன் காரியம் தள்ளிப்போனால் என்னை மன்னித்துவிடு. அந்த ஒரு சாயங்காலத்தை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீர்ப்பு வர நாளாகுமாம். செல்லாது என்று வந்துவிட்டால், நான் உனக்கு ஒருநாளும் மாமியாராக இருந்ததில்லை என்று ஆகிவிடும். அப்படியானால் என்னைக் கூப்பிட உனக்கோ டென்சில் வீட்டாருக்கோ என்ன சங்கடம்? விவேக் நகரில் தெரிந்த அத்தை என்று சொல்லி ஒரு பத்திரிகை அனுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசீர்வதித்துவிட்டு, சாப்பிடாமல்கூடப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் மாமியார்,
பியாட்ரிஸ்