ஐயா, கொஞ்சம் குனிஞ்சுக்கிறீங்களா

மார்ச் 3

என் தங்க மருமகளே,

சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொன்னா திட்டுவே, அதான் கடுதாசி. ஹாஸ்டல் சமையலுக்கு ஏரிக்கரை வழியாத்தானே போறேன். பதினோரு வருசமா பாய்மரப் படகுங்களை வேடிக்கை பார்த்தது போதும், நானே ஓட்டப் போறேன்.

ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கு. ஒண்ணுல பெரிய படகு, ரெண்டே நாள், கலந்துகிட்டேன்னு ஒரு தாள் குடுப்பாங்க. இன்னொண்ணுல சின்னப் படகு, அஞ்சு நாள், பரீட்சை உண்டு. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ரெண்டு வாத்தியாரையும் போய்ப் பார்த்தேன். "எத்தனை தடவை படகைக் கவுத்திருக்கீங்க?"ன்னு கேட்டேன். முதல் ஆளு, "நானா? ஒரு தடவைகூட இல்லையே"ன்னார். ரெண்டாவது ஆளு, "போன வாரம்கூட"ன்னு சிரிச்சார். எதுல சேரட்டும்?

உன் அத்தை

மார்ச் 9

அன்புள்ள அத்தை,

எழுதியே திட்டுறேன். அம்பத்து நாலு வயசு, முட்டி வலி, இதுல படகா? உங்களுக்கு ஒண்ணு ஆனா உங்க அண்ணன் மகளுக்கு வேற யாரு இருக்கா?

நான் சொன்னா கேக்கவா போறீங்க. சேர்றதுன்னா அஞ்சு நாள் வகுப்புல சேருங்க. அந்தச் சான்றிதழ் இருந்தாத்தான் தனியா படகு எடுக்க விடுவாங்களாம், விசாரிச்சுட்டேன். ஆனா ஒரு நிபந்தனை. பரீட்சையில தேறலைன்னா படகுப் பேச்சையே விட்டுடணும். சம்மதமா?

உங்க மருமகள்

ஏப்ரல் 2

கண்ணு,

சம்மதம்னுதானே சேர்ந்தேன். தோத்துட்டேன்டி.

கவுந்த படகை நிமிர்த்திட்டேன். சாமி பேரைச் சொல்லி, படகுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற பலகையில ஏறி நின்னு ஒரே இழு! மாட்டிக்கிட்டது வேற எடத்துல. படகைத் திருப்பும்போது பாய்க்குக் கீழ இருக்கிற குறுக்குக் கம்பு சர்ருன்னு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் பாயும். ஓட்டுறவங்க "குனி!"ன்னு கத்தணும். எதிர்ல உக்காந்திருந்தது வாத்தியார். அவரைப் போய் அப்படிச் சொல்லலாமா? "ஐயா, கொஞ்சம் குனிஞ்சுக்கிறீங்களா"ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள கம்பு அவர் நெத்தியில. "அம்மா, உங்க மரியாதை என்னைக் கொன்னுரும்"னார்.

பதினெட்டாம் தேதி இன்னொரு தடவை வரச் சொல்றார். குடுத்த வாக்கை மீற மாட்டேன். நீ விட்டுடுன்னா விட்டுடறேன்.

அத்தை

ஏப்ரல் 8

அத்தை,

"விட்டுடுங்க"ன்னு எழுதி, கிழிச்சுப் போட்டுட்டேன்.

பாலம் கட்டுற எடத்துல வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் நானும் பெரிய மேஸ்திரிகிட்ட "கொஞ்சம் நகர்றீங்களா"ன்னுதான் கேப்பேன். ஒரு நாள் மேலேர்ந்து கம்பிக்கட்டு சரிஞ்சுது. "நகரு!"ன்னு கத்தினேன். அவர் கோவிச்சுக்கலை. எனக்கு டீ வாங்கிக் குடுத்தார்.

நிபந்தனையை வாபஸ் வாங்கிட்டேன். போய்க் கத்துங்க.

மருமகள்

ஏப்ரல் 20

என் ராசாத்தி,

கத்தினேன்டி! கரையில நின்ன நாய்கூட குனிஞ்சிருக்கும். வாத்தியார் மடக்குக் கத்தி மாதிரி மடிஞ்சுட்டார். எறங்கினதும் "மன்னிச்சுக்கங்க ஐயா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "படகுத் தலைவி மன்னிப்புக் கேக்கக் கூடாதும்மா"ன்னார். தலைவியாம்! ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்.

சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். கீழ இல்ல, பக்கத்துல. சாமிக்கும் பெருமையாத்தான் இருக்கும்.

நேத்து சாயங்காலம் தனியா எடுத்துட்டுப் போனேன். ஹாஸ்டல் புள்ளைங்க கரையில வரிசையா நின்னு, "சமையல் அக்கா! அக்கா!"ன்னு ஒரே கூச்சல். எல்லாம் கை ஆட்டுச்சுங்க. நான் திருப்பி ஆட்டலை. ஒரு கையில சுக்கான், இன்னொரு கையில பாய்க்கயிறு. ரெண்டு கைக்கும் வேலை இருந்துச்சு.

உன் அத்தை