முட்டை வேண்டாம் என்றவர்

அன்பு மகளே,

இதை வீட்டுக்கு அனுப்பாமல் உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி 'பிரன்ச்' என்கிறீர்களே, அதற்கு மாப்பிள்ளையோடும் உன் சிநேகிதிகளோடும் என்னையும் கூட்டிப்போனாய். இடம் ஜோர். என்ன வேண்டும் என்று பரிமாறுகிற பெண் கேட்டதும், நீ மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாய்.

"அவளுக்கு முட்டை வேணாம். ஏற்கெனவே பூசணிக்கா மாதிரி இருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். முட்டை மண்டி வைத்து உன்னை வளர்த்தவன் நான்; தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"காப்பி நாக்கைச் சுட்டுடுச்சும்மா."

உன் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள், ஒரு மாதம் துணைக்கு நீ வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிவிட்டேன். சரி என்றார். பயப்படாதே, அவள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

பெரிய பெட்டியாக எடுத்துக்கொள். பசியோடு வா.

அப்பா