ஐந்துக்கு மூன்று

இன்று காலை ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாக வாழ்ந்தவர்கள் ஊருக்கு அஞ்சிச் சுமந்த மன அழுத்தத்தை அளக்கிறாளாம். "குடும்ப விசேஷத்துல உங்க துணையோட இருந்தப்ப எவ்வளவு அழுத்தம் இருந்தது? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க தாத்தா."

என்னோடு வாழ்ந்தவன் நீ, என்னை உனக்குத் தெரியுமே. மூன்று என்றேன். நடுவில் நின்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவள் போனபின் வாய் கசந்தது.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி. மூணாறு எஸ்டேட் பள்ளியில் நான் வாத்தியார்; மாட்டுப்பட்டிப் பால்பண்ணையில் உனக்கு வேலை. ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பாலக்காட்டில் எங்கள் கல்பாத்தித் தேருக்கு உன்னை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். கூட்டத்தில் நான் பின்தங்கியதும் நீ கத்தினாய்: "மாப்ள, இங்க வால! தேரு திரும்புது!"

உங்கள் திருநெல்வேலிப் பேச்சில் சிநேகிதனெல்லாம் மாப்ளைதான். எங்கள் தெருவில் அது கல்யாணம் செய்துகொள்கிறவன் மட்டும். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், பந்தியில் ஆரம்பித்தார்: "மாப்ளைக்குப் பாயசம் விளம்புங்கோ!" பந்தியே சிரித்தது.

"எங்க பக்கம் சேக்காளிய அப்படித்தான் கூப்பிடுவோம்ங்க" என்று நீயும் சிரித்தாய்.

அவர் கை கழுவி, ஈரத்தை உன் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, உன் காதருகே குனிந்தார். "ராத்திரி ஆராக்கும் பொண்ணு?"

யாருக்கும் கோபமில்லை. கோபம்கூட ஒரு மதிப்புதான். பாயசம் வழியும் வாய்களோடு இளித்தார்கள். எங்களைப் பார்த்து அருவருத்தார்களா என்று மாணவி கேட்டாள். எனக்கு அவர்கள்மேல் இருந்ததைக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "சார், ஜன்னலோரம் உக்காருங்க" என்றாய். கேலி என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திய பிறகும், "சார், காப்பி."

"கதவு சாத்தியிருக்குடா" என்றேன்.

"உள்ள சொன்னா வெளியயும் வந்துரும் சார். நாக்கு நம்ம பேச்சக் கேக்காது."

அதற்குப் பிறகு நீ என்னை வேறெதுவும் சொல்லி அழைக்கவேயில்லை. தூக்கத்தில் உளறும்போதும் சார்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், இவர் யார் என்று நர்ஸ் கேட்டாள். நீ கண் திறந்து, "எங்க சார்" என்றாய். உடனே எனக்கு நாற்காலி வந்தது. "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ளே இருக்கலாம் சார்" என்று, மிகுந்த மரியாதையோடு, அதை வராந்தாவில் போட்டார்கள். நீ போனபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மரியாதை இன்னும் என் உடம்பில் பிசுபிசுக்கிறது. தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை.