ஐஸ் பிளாண்ட் கணினியின் கடைசி வரி

நேற்று கட்டுமாவடியில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஐஸ் பிளாண்டின் அமோனியா வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. எதையும் லேசில் நம்பாத முகம்.

நாம் சேர்ந்து கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திய காலம். இங்குள்ள ஐஸ் பிளாண்டில் குளிரைக் கண்காணிக்கும் கணினி திடீர் திடீரென்று நின்று, தானே மறுபடி எழும். அது நின்றால் கம்ப்ரசரும் நிற்கும், ஐஸ் இளகிவிடும். ஆபரேட்டர் ராணியக்காவின் தம்பி போட்டி பிளாண்டில் வேலை பார்த்தான். முதலாளிக்கு அது போதாதா?

"அந்தம்மாதான் அணைக்குது. வேற யாரு இங்கிட்டு வர்றா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பழைய பதிவுகளைத் தேடினாய். ஒன்றுமில்லை. அந்தக் கணினி அவற்றைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் முந்தையது அழிந்துபோயிருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினாய்.

"நீ எதையும் மாத்தி வச்சியா?"

சுருக்கென்றது. "என்னையே கேக்குறியாடா?"

"ஒன்னையுந்தான். நானுந்தான் இதத் தொட்டேன், என்னையும் சேத்துக்க."

பதிவுகள் வன்வட்டிலேயே தங்கும்படி மாற்றினாய். கணினி விழும் நொடியில் சொல்லும் கடைசிச் செய்தியும் அழியாமல், எழுந்தபின் கிடைக்கும்படி செய்தாய். அடுத்த முறை அது விழுந்தபோது ராணியக்கா நம்மோடு வாசலில் நின்றிருந்தார். எழுந்ததும் அந்தக் கடைசி வரியைப் படித்தோம். யாரும் அணைக்கவில்லை. வெப்பமானிக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் கணினியைச் சாய்த்திருந்தது. அந்தக் கார்டை வாங்கி வந்து மாட்டியவர் முதலாளியின் மாப்பிள்ளை.

"இத நீங்களே எழுதி வச்சிருக்கலாம்ல?" என்றார் முதலாளி.

"சந்தேகப்படுங்க, தப்பில்ல. கார்டக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க," என்றாய். அதைக் கழற்றியபின் கணினி விழவேயில்லை.

ஆனாலும் ராணியக்கா அங்கே தங்கவில்லை. "திருடியப் பாக்குற மாதிரி பாத்தாங்க. இனி இங்க எப்புடிங்க சோறு எறங்கும்?" என்று கிளம்பினார். அவர் பார்வை என்மேலும் பட்டது.

நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று போன் வந்தபோது அதையும் நான் நம்பவில்லை. உன் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்தக் கணினி வந்தாலும், போன முறை அது ஏன் நின்றது என்ற பதிவு பிழைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். யாரோ ஒருவர் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம், கணினியைத் தொட்ட எல்லார் பெயரையும் கேட்கிறேன். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். முதல் பெயராக என் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.