நீர்வழியில் நட்ட தூண்கள்

நலம் பெருகுக. பிறை தாங்கிய சடையும் அஞ்சலென்று உயர்ந்த கரமும் உடைய காவணத்தீசர் திருவருள் முன்னிற்க. குன்றர் குலத்து முடிவேந்தரும், மலைநாட்டுக்கும் இரண்டாற்று நிலத்துக்கும் காவலருமாகிய இளங்குன்றப் பெருமாள், நெடுங்காவண நகரத்து அரண்மனையில் எழுந்தருளியிருந்து, கடல் முகத்தைக் காத்து நிற்கும் தம் இளவல், வெண்மணல் முகத்துறைக்கு அதிபதி, இளையகோ செழுங்குன்றர் கண்டு தெளிய விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் குறைவின்றி வந்து சேர்க. உம் மனை விளக்கு மங்காதிருக்க. கழனியில் நெல்லும் கழியில் உப்பும் தத்தம் பருவத்தில் விளைக.

நீர் விடுத்த ஓலை கண்டோம். கலங்கள் வந்தும் முகத்துறை நகராகவில்லை என்றும், சரக்கிறக்கிய வணிகர் நண்பகல் வெயிலுக்கு அஞ்சி அன்றே திரும்புகின்றனர் என்றும், துறை முதல் திருக்கோயில் வரை எம் நகரத்தது போன்று தூண்மேல் கூரையிட்ட காவணம் ஒன்று அமைத்துத்தர அமைச்சர் காவிதி அந்துவனை அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். நீர் கேட்டு நாம் மறுத்தது இதுவரை ஒன்றுமில்லை. இதனை மறுக்கிறோம். காரணத்தை முழுதும் கேளும். பிறர் வாய்ச்சொல் வருமிடங்களில் ஊர்ப்பேச்சைத் திருத்தாது அவ்வாறே வரைக என்று, நம் ஓலை எழுதும் ஓலைநாயகத்துக்குப் பணித்துள்ளோம்.

இந்நகரம் வளர்ந்த முறை நீர் பிள்ளைப் பருவத்தில் கண்டதே. ஈசரைத் தொழ வரும் அடியார் பாதம் சுடாதிருக்க, கோயில் வாயில் முதல் ஆற்றுப் படித்துறை வரை இருபுறமும் தூண் நிறுத்தி மேலே கல் பாவிய நடைவழியாகிய காவணத்தை நம் முன்னோர் அமைத்தனர். அந்நிழலில் முதலில் பூ விற்பவள் வந்து அமர்ந்தாள். அவளை அடுத்துத் தண்ணீர்ப் பந்தல் வந்தது. தறியும் தட்டார் உலையும் பின்னே வந்தன. இங்கே குடியேறுக என்று எந்த அரசரும் பறை அறைந்ததில்லை. மனை எடுக்க விரும்பியவன், தன் மனைக்கு முன்னுள்ள வழிக்குக் கூரையிட்டு அதை வழிப்போக்கர்க்கு உரிமையாக்கிய பின்னரே தன் வீட்டுக்குக் கால்கோள் செய்யலாம் என்பது முறை. ஆதலின் காவணம் சென்ற திசையில் ஊர் சென்றது. அது நின்ற இடத்தில் ஊரும் நின்றது. தலைமுறைகள் கடக்கவே, தூண் நட்ட நிலம் நல்ல நிலம் என்பது மக்கள் நெஞ்சில் ஈசர் வாக்குக்கு நிகராயிற்று. அதன் பின் ஒருவரும் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில்லை. மழைநீர் எப்பக்கம் ஓடும் என்று கேட்டதுமில்லை.

பிறர்க்குரிய காவணக் கூரையைப் பெயர்த்தவன் தன் வாழ்நாளில் எந்தக் காவணத்தின் நிழலிலும் அடிவைத்தலாகாது என்பதும் முறை. அதைச் செய்தவர் இல்லாமையால் அம்முறை சொல்லளவில் இருந்தது.

அந்துவன் அமைச்சுப் பூண்ட காலத்தில் நகரம் நெருங்கி, ஒரு கூரையின் கீழ் மூன்று குடிகள் அடுப்பு மூட்டின. கிழக்கே பெரும்பழையேரியின் மிகைநீர் வழியும் கலிங்குக்குக் கீழே வெளி நிலம் கிடந்தது. மழை பல ஆண்டுகள் பொய்த்திருந்தமையால், ஏரி நிரம்பி வழியும் நீர் செல்ல வேண்டிய அந்நிலத்தில் வண்டித்தடம் இறுகியிருந்தது. அவ்வழியே காவணத்தை நீட்டலாம் என்றான் அந்துவன், நாமும் இசைந்தோம். ஒவ்வொரு தூண் எழும்போதும், கன்று ஈன்ற பசுவைத் தடவுவான் போல அதைத் தடவிப் பார்த்து நிற்பான். அழையாமலே மக்கள் வந்தனர். முதலில் மனை எடுத்தவள் அவன் தங்கை எயினி. அவள் கணவன் உப்பு வணிகன் எட்டி கோவன், வாயைத் திறந்தால் அவை சிரிக்கும் இயல்பினன். “பொண்ணு கொடுத்த வீட்டுல யானை கேக்கலாம்னு இருந்தேன். மச்சான் முந்திக்கிட்டு ஒரு தெருவையே கொடுத்துட்டாரு. யானைன்னா தீனி போடணும், தெருவுக்கு அந்தச் செலவு இல்ல பாருங்க!” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்திருந்தான்.

சென்ற ஆண்டுக் கார்த்திகையில் வானம் திறந்தது. பிற்பகலில் கலிங்கு வழிந்தது. மழைக்கு இந்நகரத்தார் எப்போதும் ஒதுங்கும் காவணத்துக்குள்ளேயே ஓடினர். அருகில் இருந்த மண்மேட்டில் சிலர் ஏறி நின்றனர். அவர்களைக் கண்டு கோவன் தன் வாசல் தூணைப் பற்றிக்கொண்டு, “ஓடியாங்க, ஓடியாங்க! காவிதி போட்ட கூரை இருக்கையில எவன்யா நனைவான்? மேட்டுல நின்னு தவமா பண்றீங்க, இறங்கி வாங்கய்யா!” என்று கூவினான். அவர்கள் இறங்கி வந்தனர். வெள்ளமோ மேலிருந்து வரவில்லை, நிலத்தோடு வந்தது. இருபுறமும் சுவர் நின்ற அந்த நடைவழி, நீருக்கு வெட்டிவைத்த வாய்க்கால் போலாயிற்று. இளவலே, தூண் ஒன்றும் சாயவில்லை. கல் ஒன்றும் பெயரவில்லை. நிழலில் நின்றவர்கள்தாம் இல்லை. கோவனின் உடல் கிழக்குக் கழனியில் கிடைத்தது.

நீர் வடிந்ததும் அந்துவன் கொண்ட எண்ணம் ஒன்றே. அடுத்த மழைக்குள் எஞ்சியவர்களை அந்நிலத்திலிருந்து எழுப்பிவிட வேண்டும். அவர்களோ திரும்பி வந்து, சேற்றைக் கழுவி, தூண்களுக்குத் திருநீறு பூசி, சுவர் எடுக்கத் தொடங்கினர். கூரை நின்றதே, பின் நிலம் எப்படிப் பொய்யாகும் என்பது அவர்கள் வழக்கு. பிழை தன்னது, நிலம் நீருடையது என்று அவன் வீடுதோறும் சென்று கைகூப்பினான். வாணியப் பெண்ணொருத்தி செக்கை நிறுத்தாமலே, “நீர் வச்ச தூணை நீரே நம்பலேன்னா, நாங்க எதை நம்புறது சாமி? தள்ளி நில்லும், மாடு சுத்தணும்” என்றாள். மேற்குக் குன்றடியில் மனை தருவதாகச் சொன்னான். அங்கே காவணம் உண்டா என்று கேட்டனர், வரும் என்றான், வந்த பின் வருகிறோம் என்றனர். படை அனுப்புகிறோம் என்று நாம் சொன்னபோது, வேலுக்கு அஞ்சிப் போனவர்கள் வேல் போனதும் திரும்புவார்கள் என்று தடுத்தான்.

கடைசியில் தங்கையிடம் சென்றான். கணவன் பற்றி நின்ற தூணடியில் அவள் அகல் ஏற்றி அமர்ந்திருந்தாள். உடன் வந்துவிடும்படி வேண்டினான். “அண்ணா, அவர் கடைசியா நின்ன இடம் இது. இதுக்கு மேல கூரை இருக்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்” என்றாள் எயினி. கூரை இல்லையானால் என்று அவன் மெல்லக் கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, “அதைச் செய்யிற பாவி இந்த ஊர்ல இன்னும் பிறக்கல” என்றாள்.

ஆவணியில் மேகம் கறுக்கத் தொடங்கிற்று. கல்தச்சர் எவரும் வர இசையாமையால், அமைச்சன் தானே கடப்பாரை எடுத்து, ஏணி சாத்தி, விடியற்பொழுதில் அக்கூரை மேல் ஏறினான். வேறெங்கும் தொடங்காமல் தங்கை அமர்ந்திருந்த இடத்துக்கு மேலேயே தொடங்கினான். அவள் எழாதவரை ஊர் எழாது என்று அறிந்திருந்தான். கீழே கூட்டம் கூடி வைதது. சிலர் மண்ணை வாரி எறிந்தனர். எயினி வெளியே வந்து, “அடே அந்துவா! அவரைத்தான் கொண்டுபோனே, அவர் நின்ன நிழலையும் கொண்டுபோறியா?” என்று கதறினாள். பிறந்த நாள் முதல் அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவன் நிறுத்தவில்லை. முதற்கல் விழுந்தது. அகல் எரிந்த இடத்தில் வெயில் பட்டது.

வெயில் பட்ட வழியை ஊரென்று கொள்ள இம்மக்களுக்குத் தெரியாது. பானையும் பாயும் கட்டிக்கொண்டு மேற்கே நடந்தனர். எல்லார்க்கும் பின்னே வந்த எயினி, இறங்கி நின்ற தமையனருகே ஒரு கணம் தயங்கி, “இனி உமக்கும் வெயில்தான்” என்று சொல்லி, தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் ஏரி மீண்டும் நிரம்பி வழிந்தது. ஆளற்ற நிலத்தில், கூரையற்ற தூண்களுக்கிடையே வெள்ளம் தன் வழியே சென்றது. ஓர் உயிரும் போகவில்லை. அதைச் சொல்லவும் அவனிடம் ஒருவரும் வரவில்லை.

கூரை பெயர்த்தவன் காவண நிழலில் அடிவைத்தலாகாது என்ற முறை அவனுக்குப் பொருந்தாது என்று நாம் ஆணை பிறப்பித்தோம். வேந்தர் ஆணையை வணங்குவதாகவும், தான் நிழலில் அடிவைத்தால் நாளை மற்றொருவன் அஞ்சாமல் கூரை பெயர்ப்பான் என்றும் சொல்லி மறுத்துவிட்டான். இந்நகரில் எந்த வாசலுக்கும் காவணத்தைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதை நீர் அறிவீர். அவன் மனைக்கு அவன் போக இயலவில்லை. ஈசர் சந்நிதிக்கும் இயலவில்லை. நடுத்தெருவில் நின்று கோபுரத்தைத் தொழுதான். எல்லார்க்கும் வாசல் சமைத்த நகரில் அவனுக்கென்று ஒரு வாசல் இல்லாமல், ஆற்றுமணலில் கிடந்தான். இந்தத் தையில், காவணமே இல்லாத ஊர் ஒன்று கடலோரத்தில் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, உம் நாட்டுப் பெருவழியில் தனியே நடந்து போயிருக்கிறான்.

இதை எமக்கு அறிவித்தவள் எயினி. மேற்குக் குன்றடியில் புதிதாய்க் கூரையிட்ட தன் மனையிலிருந்து வந்து, அவைநடுவே நின்று, அண்ணன் போன திசையைச் சொன்னாள். பிறகு, “சின்னவரு ஊர்ல தூண் நட வேணாம்னு எழுதுங்க மகாராசா. அங்கயாவது எங்க அண்ணன் ஒரு வாசல்ல நுழையட்டும்” என்றாள்.

ஆகவே ஆணை இது. அந்துவன் வந்தால், எங்கே தூண் நடலாம் என்று ஒருவரும் அவனைக் கேட்கலாகாது. கோயிலுக்கு நேரே அமைந்த வாசல் உடைய இல்லம் ஒன்றை அவனுக்கு அளியும். அவன் உயிர் உள்ளளவும் முகத்துறையில் எந்த வழிக்கும் கூரை வேண்டாம். வணிகர் திரும்பிப் போகின் போகட்டும். நகரம் சிறிது காலம் வளராதிருக்கட்டும். அவ்வெயிலை நம் பொருட்டுப் பொறுத்தருளும். அவன் காலத்துக்குப் பின் காவணம் அமைப்பீராயின், பெருமழை பெய்து நீர் ஓடும் வழியை உம் கண்ணால் கண்ட பின்னரே முதல் தூணை நிறுத்தும்.

நாம் சொல்ல ஓலைநாயகம் எழுதியது; நம் கையால் குன்றும் பிறையும் பொறித்த முத்திரை இட்டது. உம் அடிகள் சுடாதிருக்க ஈசர் காக்க.