பேச்சுத்துணை

நிசப்தம் நிலையம், சந்திரனின் மறுபக்கம்
குரல்வழி எழுத்துப் பதிவு: தமயந்தி பொன்னையா, வானொலி வானியலாளர்

நாள் 212, 10:05
எல்லாம் வழக்கம்போல. பூமியின் இரைச்சல் எட்டாத இடம் இது. இங்கே யாரும் ரேடியோவில் பேசக்கூடாது என்பது சட்டம். பேச்செல்லாம் தரைக் கேபிள் வழியாகத்தான். கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவது வலது ஆள்காட்டி விரல் மட்டும். அதைக் கொண்டு மின் நாற்காலியை ஓட்டிவந்து கேபிள் குழிக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். பழுதுபார்க்கும் எந்திரம் உள்ளே இறங்கியிருக்கிறது. மூடி திறந்திருக்கிறது. ஆழம் முப்பது மீட்டர்.

10:20
எந்திரம் தப்பான கேபிளை வெட்டிவிட்டது, மடையன். அதற்கும் அதில்தான் மின்சாரம். உள்ளேயே செத்துக் கிடக்கிறது. அவசர ரேடியோ தானாக இயங்கியது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள முகாமிலிருந்து மெக்கானிக் டெரன்ஸ், தூத்துக்குடிக்காரன்:
"எக்கா, லைன் அறுந்துட்டு போல. வண்டிய எடுத்துட்டு வாறேன். தனியா இருக்கோம்னு பயப்படாதிய, பேச்சுத்தொணைக்கு நான் இருக்கேன்."
அவன் பேசும்போது நாற்காலி தானாக நகர்ந்தது. இரண்டு விரற்கடை, குழியை நோக்கி.

10:26
தற்செயல் இல்லை. மகள் நீச்சல் பழகுவதைப் பற்றிச் சொன்னான், பத்து சென்டிமீட்டர். சிரித்தான், இன்னும் ஐந்து. ரேடியோ அலையை நாற்காலி என் விரலின் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியே குழம்பிவிட்டது. பின்னால் இழுத்தால் கேட்கவில்லை. அணைத்துப் போட்டால் தெளியும். ஆனால் என் சுவாசக் கருவிக்கும் அதே சுவிட்ச்.
காப்புத் தகடு இருந்தால் அலை உள்ளே புகாது. "இங்கேதான் ரேடியோவே கிடையாதே, நாலு கிலோ மிச்சம்" என்று அதைக் கழற்றச் சொன்னது நான்தான். ஒரே சுவிட்ச் போதுமென்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

10:31
அவன் பேசிக்கொண்டே வருகிறான், மிச்சம் ஒரு மீட்டர். அவன் அருகே வர வர அலை வலுக்கிறது. பேசாதே என்று சொல்ல நானும் ரேடியோவில்தான் பேசியாக வேண்டும். காரணமும் சொல்லும் அளவுக்குத் தூரம் மிச்சமில்லை. இவ்வளவுதான் சொன்னேன்: "டெரன்ஸ், பேசாத." நாற்பது சென்டிமீட்டர் போயிற்று.
"ஐயோ, வேலையா இருந்தியளா? மன்னிச்சிருங்கக்கா. இனி வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா!"
மன்னிப்புக் கேட்டதில் ஐம்பது.

10:38
சத்தமில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், நல்லவன். பத்து சென்டிமீட்டர் இருக்கிறது. கால்மிதிக்குக் கீழே இருட்டு. பயமாக இருக்கிறது. மூக்கு அரிக்கிறது, அதற்கும் வழியில்லை.
ஜன்னலில் விளக்கு. அவன் வண்டிதான். உள்ளே வர நான்கு நிமிடம். நான்கே நிமிடம் அவன் ஊமையாக இருந்தால் போதும்.

10:42
வெளிக்கதவு திறந்துவிட்டது. இன்னும் ஒரு கதவுதான். அதைத் தாண்டும்வரை அவன் விண்வெளி உடையின் ரேடியோ அணையாது. நான் மூச்சைக்கூட
"எக்கா, வந்துட்டேன்!"

10:42
விழுகிறேன். இங்கே மெதுவாகத்தான். ஆறு வினாடி. இந்தப் பதிவை முதலில் திறப்பது அவன்தானே. டெரன்ஸ், இதுக்கு முந்தி இருக்கத படிக்காத. ஒம் பேச்சு எனக்கு