குளிரில் இளகிய கொழுப்பு

க்ரோனிங்கன், பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே போடோவில் பனி விட்டதா?

போன வாரம் ஆய்வகத்தில் என் பாக்டீரியாக்களை வளர்க்கும் பெட்டியின் சூடு நின்றுபோய், மூன்று நாள் அவை குளிரில் கிடந்தன.

"எல்லாம் வீணாப்போச்சு. கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார் பேராசிரியர் ஹன்னகே.

"உயிரோடதான் இருக்கு ஹன்னகே. குளிர்ல அதுங்களோட கொழுப்பு என்ன ஆச்சுன்னு அளந்து பாத்துட்டுக் கொட்டுறேன்" என்றேன்.

அளந்தால், உடம்பு விறைத்துப்போகாதபடி அவை தம் கொழுப்பையே எண்ணெய்போல இளக்கிக்கொண்டிருந்தன!

"உனக்கும் கொழுப்பு ஜாஸ்திதான். இதையே பட்டத்துக்கு எழுது" என்று சிரித்தார் ஹன்னகே. எழுதத் தொடங்கிவிட்டேன். நன்றாகவே வரும்.

நம் வீட்டு மீன் சூப்பை ஒரே ஆளுக்கு எப்படி வைப்பது என்று எழுதுங்கள். நான் வைத்தால் நான்கு பேருக்கு வந்துவிடுகிறது.

நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; என் பேருந்து வந்துவிட்டது.

உங்கள்
சுன்னிவா